கோடரி தகட்டுக் கவசத்தைப் பிளந்ததா?

வடகரை வாசகன்

நண்பர்களே, மூன்று வாரமாக ஒரு கேள்வி என்னை விடவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் தலை முதல் கால் வரை இரும்புத் தகடு பூண்டு நின்ற வீரனைக் கோடரியால் பிளக்க முடிந்ததா? வாளால் முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கோடரி என்றால் மட்டும் அதன் கனத்துக்கு எந்தக் கவசமும் தாங்காது என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். நம்பக் காரணமும் இருக்கிறது.

1314 ஜூன் 23, ஸ்காட்லாந்தின் பானக்பர்ன். ராபர்ட் ப்ரூஸ் மன்னர் சிறிய குதிரை ஒன்றில் அமர்ந்து தன் படையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். கையில் கோடரி. ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து ஹென்றி டி போஹன் என்ற வீரர் மன்னரை அடையாளம் கண்டு, பெரிய போர்க்குதிரையில் ஈட்டியை நீட்டியபடி பாய்ந்து வருகிறார். கடைசி நொடியில் ப்ரூஸ் குதிரையை ஒதுக்கினார், அங்கவடியில் எழுந்து நின்றார், கோடரியைத் தலையில் இறக்கினார். தலைக்கவசமும் மண்டையும் பிளந்தன, காம்பும் ஒடிந்தது. இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா என்று தளபதிகள் கடிந்துகொண்டபோது, நல்ல கோடரி ஒடிந்துபோயிற்றே என்றுதான் மன்னர் வருந்தினாராம்.

அடுத்தது 1477 ஜனவரி 5, நான்சி நகரம். விலை எவ்வளவானாலும் கவசம் வாங்கக்கூடிய செல்வம் படைத்த பர்கண்டிக் கோமகன் சார்லஸ், ஹால்பர்ட் அடியில் மண்டை பிளந்து இறந்தார். ஹால்பர்ட் என்பது நீண்ட கழியில் மாட்டிய கோடரிதானே?

போதாததற்கு, எங்கள் தோட்டத்தில் கிடந்த பழைய எண்ணெய்ப் பீப்பாயை விறகுக் கோடரியால் வெட்டியும் பார்த்தேன். முதல் வெட்டிலேயே வாய் உள்ளே இறங்கிவிட்டது. தகட்டை அளந்தேன், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கை, கால் கவசங்கள் பலவும் ஏறக்குறைய அதே கனம்தான் என்று படித்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

உலைக்களம்

பீப்பாயிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டறை. கோடரி அடித்த கை இது, அதனால் உரிமையோடு பேசுகிறேன்.

பீப்பாய்த் தகடு மிருதுவான இரும்பு. வளைத்து உருட்டி விளிம்பு மடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அது தரையில் அசையாமல் கிடந்தது. நீங்கள் காலை ஊன்றி, குறி பார்த்து, நேர்க்குத்தாக வெட்டினீர்கள். இப்போது அதே ஒரு மில்லிமீட்டர் தகட்டை நல்ல உருக்கில் செய்து, முழங்கையைச் சுற்றி உருண்டையாக வளைத்து, அதற்கடியில் பஞ்சு திணித்த சட்டையை வைத்து, உங்களைக் கொல்ல நினைக்கும் ஒருவனுக்கு மாட்டிவிடுங்கள். வெட்டு நேராக விழாது, சறுக்கும். விழுந்தாலும் கை பின்னால் போகும். கொடியில் தொங்கும் கோணிப்பையை அரிவாளால் வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தாங்கு இல்லாத இடத்தில் வெட்டு ஏறாது. பட்டடை இல்லாமல் சம்மட்டி வேலை செய்யுமா?

இன்னொன்று. விறகுக் கோடரியும் போர்க் கோடரியும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு பொருள்கள். விறகுக் கோடரி ஓர் ஆப்பு. வாயிலிருந்து பின்னோக்கிப் பருத்துக்கொண்டே போய் மரத்தை இரண்டாகத் தள்ளிப் பிரிக்கும். 11ஆம் நூற்றாண்டு டேனியக் கோடரியின் வாய் ஒரு சாணுக்கும் மேல் அகலமாக விரிந்திருக்கும், ஆனால் இலை போல மெல்லியது. சதைக்கும் துணிக்கும் வளையக் கவசத்துக்கும் அடித்த ஆயுதம் அது. அதை வைத்து விறகு வெட்டினால் வாய் முறியும்.

அந்தக் கோடரிகளைச் செய்த விதம் எனக்கு நெருக்கமானது. உடல் இரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு. இரண்டையும் வெண்சூட்டில் வைத்துத் தட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் தாத்தா மண்வெட்டிக்கு வாய் வைத்ததும் அப்படித்தான். உருக்கு விலை கூடியது, வெட்டும் இடத்துக்கு மட்டும் போதும் என்ற கணக்கு.

கல்லணை

உலைக்களம் அண்ணனின் பட்டறை அறிவுக்கு வணக்கம். ஆனால் சான்றுகளை அவர் தொடவே இல்லையே. ப்ரூஸ் பிளந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1315இல் மோர்கார்ட்டன் கணவாயில் சுவிஸ் மலைமக்கள் ஆஸ்திரிய வீரர்களை ஹால்பர்ட்டால் வெட்டிச் சாய்த்ததை அடுத்த தலைமுறைத் துறவி ஒருவர், நன்றாகக் கவசம் பூண்டவர்களையும் சவரக்கத்தி போல அறுத்தது என்று பதிவு செய்திருக்கிறார். 1386இல் செம்பாக்கில் ஆஸ்திரியக் கோமகன் மூன்றாம் லியோபோல்டே வீழ்ந்தார். உழவர்களின் கோடரி பிரபுக்களின் கவசத்தை வென்ற வரலாறு இது. இதை இயற்பியல் கணக்கு போட்டு மறைத்துவிடக் கூடாது.

ஏட்டுத்தேனீ

கல்லணைத் தம்பி, மறைக்க வேண்டாம், ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்போம். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். "கவசம்" என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐந்நூறு ஆண்டுகளைப் பேசிவிடுகிறோம்.

1066இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் கவசம் என்றால் ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, ஒவ்வொன்றையும் தறைந்து செய்த சட்டை. அந்தப் போரைப் படமாகத் தைத்த பேயூ திரைச்சீலையில் அந்தச் சட்டையையும், அதற்கு எதிரே இரு கையாலும் கோடரி ஓங்கிய ஆங்கிலேய வீரர்களையும் பார்க்கலாம். வளையச் சட்டை வெட்டைத் தடுக்கும், ஆனால் வளைந்து கொடுக்கும். வளையம் அறாவிட்டாலும் அடி உள்ளே இறங்கித் தோள் எலும்பு நொறுங்கும். அந்தக் காலத்தில் கோடரிதான் அரசன். பைசாந்தியப் பேரரசர்கள் தங்கள் மெய்க்காவலுக்கு வடநாட்டுக் கோடரிக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததும், 1141இல் லிங்கன் போரில் இங்கிலாந்தின் ஸ்டீபன் மன்னரே கோடரி ஏந்திப் போரிட்டதும் இதனால்தான்.

பானக்பர்னும் மோர்கார்ட்டனும் அடுத்தடுத்த ஆண்டுகள், 1314, 1315. அப்போதும் உடம்பை மூடியது பெரும்பாலும் வளையக் கவசமே. தகடு அப்போதுதான் முழங்காலிலும் முழங்கையிலும் மார்பிலும் துண்டு துண்டாக ஏறிக்கொண்டிருந்தது. தலைக்கவசம் இரும்புதான், ஆனால் பதம் ஏற்றாத மெல்லிய இரும்பு. அதிலும் டி போஹன் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். ப்ரூஸின் கை வேகத்தோடு அந்தக் குதிரையின் வேகமும் சேர்ந்தது. ஜான் பார்பர் இதைக் கவிதையாகப் பாடியது அறுபது ஆண்டு கழித்து. நிகழ்ச்சியை நான் நம்புகிறேன். ஆனால் அது தகட்டுக் கவசத்துக்கு எதிரான சான்று அல்ல.

முழுத் தகட்டுக் கவசம் முதிர்ச்சி பெற்றது 1400க்குப் பிறகு, ஏறக்குறைய 1420களில், முதலில் மிலான் பட்டறைகளில். பிறகு ஆக்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக். வடகரை வாசகன் கேட்ட கேள்விக்கு விடையை அதற்குப் பின் வந்த களங்களில்தான் தேட வேண்டும்.

வடகரை வாசகன்

அக்கா, அப்படியானால் நான்சி? அது 1477. நீங்கள் சொல்லும் காலத்துக்கு உள்ளேதானே வருகிறது?

ஏட்டுத்தேனீ

நல்ல கேள்வி. சார்லஸின் உடல் கிடைத்தது போர் முடிந்து சில நாள் கழித்து. உறைந்த நீர்நிலை ஒன்றின் ஓரத்தில், உடைமைகள் அனைத்தும் உருவப்பட்டு, முகத்தை ஓநாய்கள் கடித்த நிலையில். பழைய தழும்புகளையும் விழுந்த பற்களையும் நீண்ட நகங்களையும் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். மண்டை பிளந்திருந்தது உண்மை. அந்த மண்டைமேல் அந்த நொடியில் தலைக்கவசம் இருந்தது என்று அந்த உடலைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. தோற்று ஓடும் படையில், குதிரையோடு விழுந்தவரின் தலையில் கவசம் தங்கியிருக்கும் என்று எண்ணுவது கடினம்.

இதற்கு எட்டே ஆண்டு கழித்து இதே போல இன்னொருவர் இறந்தார். அவருடைய எலும்புகளே நம்மிடம் இருக்கின்றன.

அவசரப்பிரிவு

ஏட்டுத்தேனீ அக்கா சொல்ல வருவது மூன்றாம் ரிச்சர்ட் மன்னரைத்தானே? நான் மருத்துவர், எலும்பு முறிவுகளைப் பார்ப்பதே என் அன்றாடம். 2014இல் வெளியான அந்தத் தடயவியல் ஆய்வைப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் அது தங்கிவிட்டது. பொறுமையாக எழுதுகிறேன்.

1485 ஆகஸ்ட் 22, பாஸ்வர்த். இங்கிலாந்தின் மன்னர் களத்தில் கொல்லப்பட்டார். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. இறக்கும் தறுவாயில் பட்ட காயங்கள் 11. அவற்றில் 9 மண்டையோட்டில். உயிரைக் குடித்திருக்கக்கூடிய பெரிய காயம் மண்டையின் அடிப்பகுதியில், பிடரிக்கு மேலே. கனமான கூரிய ஆயுதம், ஹால்பர்ட் வகையாக இருக்கலாம், அங்கே எலும்பைச் சீவி எடுத்திருக்கிறது.

என்னை நிறுத்தியது வேறொன்று. கைகளில் தற்காப்புக் காயமே இல்லை. வெட்டு விழும்போது மனிதன் தன்னை அறியாமல் கையை உயர்த்துவான். முன்னங்கை எலும்பில் குறுக்காக வெட்டு விழும். அரிவாள் வெட்டுப்பட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பதே அந்த எலும்பைத்தான். ரிச்சர்டின் முன்னங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எளியது. தலைக்கவசம் போய்விட்டது, மற்றக் கவசம் உடம்பில் இருந்தது.

கூர்மையான கழியாயுதங்களோடு பலர் சூழ்ந்து அடித்திருக்கிறார்கள். கவசம் இருந்த கைகள் தப்பின. கவசம் இல்லாத தலை மட்டும் சிதைந்தது. மார்பு எலும்புக் கூட்டில் ஒரு காயம், இடுப்பில் ஒரு காயம். இடுப்புக் காயம் இறந்த பின் கவசத்தைக் கழற்றிவிட்டுச் செய்த அவமதிப்பு என்று கருதுகிறார்கள்.

இதோடு 1361 ஜூலையில் விஸ்பியில் நடந்ததை ஒப்பிடுங்கள். டென்மார்க் மன்னரின் தேர்ந்த படைக்கு எதிரே கோட்லாந்துத் தீவின் உழவர்கள், பழைய வளையக் கவசத்தோடு. கடும் வெயில், அதனால் பலரைக் கவசத்தோடே புதைத்துவிட்டார்கள். அந்த எலும்புகளில் வெட்டுக்கள் ஏராளம். குறிப்பாகக் கால்களில், காப்பு இல்லாத கெண்டைக்காலில், முன்னெலும்பில். 1461இல் டவ்ட்டன் போரில் இறந்தவர்கள் சுமார் 40 பேரின் குழி 1996இல் கிடைத்தது. அங்கும் காயங்கள் தலையில் குவிந்திருந்தன. சிலவற்றில் சதுரமான துளை. கோடரி வாய் சதுரத் துளை போடாது.

உலைக்களம்

சதுரத் துளை! நன்றி, டாக்டர். நான் சொல்ல நினைத்ததும் இதைத்தான். வெட்டுவதை விட்டுவிட்டுக் குத்துவதற்கு மாறியிருக்கிறார்கள்.

ஒரு கிலோ இரும்பு ஒரே வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் முழுவதும் பட்டால் அடி ஒரு கோட்டில் பரவும். அதே அடி ஆணி முனை அளவில் இறங்கினால் தகடு தாங்காது. தகரத்தில் துளை போட நாங்கள் உளியைப் படுக்க வைத்தா அடிக்கிறோம்? நான்கு பட்டை தீட்டிய முளையைத்தானே வைக்கிறோம்?

ஏட்டுத்தேனீ

உலைக்களம் அண்ணா, நீங்கள் சொன்ன முளை 15ஆம் நூற்றாண்டில் ஆயுதமாகவே வந்தது. போலாக்ஸ் என்பார்கள். நெடுங்கோடரி என்று வைத்துக்கொள்வோம். லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் சில நல்ல மாதிரிகள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன்.

அதன் தலையைப் பார்த்தால் கோடரி என்ற பெயரே பொருந்தாதோ என்று தோன்றும். ஒரு பக்கம் கோடரி வாய் இருக்கலாம், அதற்குப் பதில் சுத்தியலும் இருக்கலாம். சுத்தியல் முகம் வழவழப்பாக இருக்காது, வழுக்கும் தகட்டைக் கவ்விப் பிடிப்பதற்காகச் சிறு கூம்புகளாகச் செதுக்கியிருப்பார்கள். மறுபக்கம் வல்லூறின் மூக்கு போல வளைந்த முனை. உச்சியில் நான்கு பட்டைக் குத்துமுனை. காம்பின் அடியிலும் ஒரு முனை. ஏறக்குறைய ஆள் உயரம், மொத்த எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ. தூக்க முடியாத பாரம் என்ற எண்ணம் தவறு. அதைக் கையாள்கிறவர் அரை மணி நேரம் தளராமல் போரிட வேண்டும், பாரமாக இருந்தால் உயிர் போய்விடும்.

பர்கண்டி நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர் இந்த ஆயுதத்துக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பின் பொருள் "கோடரி ஆட்டம்". கையெழுத்துப் படி பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கல்லணைத் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். அந்த நூல் ஆயுதத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது: சுத்தியல், வல்லூறு மூக்கு, உச்சியில் உள்ளதற்குக் "குத்துவாள்", அடிமுனைக்கு "வால்". பிளக்கும் வாய்க்கு அதில் வேலையே இல்லை. முதல் பாடம் என்ன தெரியுமா? எதிரி கையைச் சுழற்றி ஓங்கி அடிக்க வந்தால் அவனை எப்படி வீழ்த்துவது என்பது. நாம் திரையில் பார்த்துக் கைதட்டும் அந்த ஓங்கிய அடி, கோடரி ஆசானின் பார்வையில் மாணவன் முதலில் தண்டிக்க வேண்டிய பிழை.

பனிநாட்டுவாசி

இதை என் தோளே சொல்லும். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஊரில் பழைய ஐரோப்பிய ஆயுதக் கலை பயிலும் சிறு குழு ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டாகப் போகிறேன். ரப்பர் தலை மாட்டிய நெடுங்கோடரியில் மூத்தவர் ஒருவரோடு என் முதல் சுற்று. ஊரில் விறகு பிளந்த பழக்கத்தில் தலைக்கு மேல் ஓங்கினேன். அவர் பின்வாங்கவில்லை. ஓர் எட்டு முன்னால் வந்தார், இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள காம்பால் என் அடியை மேலேயே தாங்கினார். என் கோடரித் தலை அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் நின்றது. அடுத்த கணம் அவருடைய கோடரியின் வால் என் முகக் கம்பி வலைக்கு முன்னால். பிறகு அதே வாலை என் கழுத்துக்குக் குறுக்கே வைத்து, காலைப் பின்னால் கொடுத்துச் சாய்த்தார். என் மொத்த எடையும் தோளில் விழுந்தது, இரண்டு மாதம் கை தூக்க முடியவில்லை.

தரையில் கிடந்தபோதுதான் புரிந்தது. கவசம் பூண்டவனை விழச் செய்தால் பாதி வேலை முடிந்தது. முழுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை. உடம்பு முழுவதும் பகிர்ந்து தொங்குவதால் அதோடு ஓடலாம், குதிக்கலாம், எழுந்தும் நிற்கலாம். ஆனால் எழ ஒன்றிரண்டு நொடி வேண்டும். அந்த நொடிகளை எதிரி தர மாட்டான். அக்குளில், தொடை இடுக்கில், முழங்காலுக்குப் பின்னால், கண் கீற்றில் உச்சி முனை இறங்கும்.

வல்லூறு மூக்கை எல்லோரும் துளைப்பதற்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கொக்கியாக. முழங்காலுக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் எவரும் நிற்க முடியாது. தென்னங்குலையைத் துரட்டியால் இழுப்பது போலத்தான், மேலே பார்ப்பதற்குப் பதில் கீழே பார்க்க வேண்டும்.

கல்லணை

சரி, என் பக்கத்திலிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். மோர்கார்ட்டன் காலத்துக் கவசம் வேறு. ஆனால் ஓங்கி அடிப்பதே வீண் என்ற முடிவுக்குப் போகாதீர்கள். 15ஆம் நூற்றாண்டில் செய்த நெடுங்கோடரிகள் பலவற்றில் கோடரி வாய் இருந்தது. பயனில்லாத ஒன்றை ஏன் இரும்பு செலவழித்துச் செய்தார்கள்? களத்தில் எல்லோரும் பிரபுக்கள் அல்லவே. வில்லாளியும் கூலிப்படைக் காலாளும் தலைக்கவசமும் பஞ்சுச் சட்டையும் மட்டும் அணிந்து நின்றார்கள். அவர்களுக்கு வாய், பிரபுவுக்கு முனை. ஒரே கழியில் இரண்டும்.

அவசரப்பிரிவு

கல்லணை சொல்வது சரி. கூடவே ஒன்று. பிளந்தால்தான் கொல்லும் என்பதில்லை. தலைக்கவசம் நெளியாமலே உள்ளே மூளை குலுங்கும். மூன்று கிலோ ஆயுதத்தின் சுத்தியல் முகம் மண்டைப் பக்கவாட்டில் பட்டால் தலை திடீரெனத் திரும்பும். அந்தத் திருகல்தான் ஆபத்து. இரண்டு சக்கர வாகன விபத்தில் ஹெல்மெட் உடையாமல் வந்து நினைவு தப்பிக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். களத்தில் பத்து நொடி நினைவு தப்பினால் போதும்.

விரல்கள் இன்னொரு பலவீனம். கையுறைத் தகடுகள் மிக மெல்லியவை. இல்லாவிட்டால் விரலை மடக்க முடியாது. விரல் ஆயுதக் காம்பின்மீது இருக்கிறது, அதாவது பின்னால் தாங்கு இருக்கிறது. உலைக்களம் சொன்ன பட்டடை அங்கே இருக்கிறது.

ஏட்டுத்தேனீ

டாக்டர் கையுறையைத் தொட்டதும் ஜாக் டி லலைங் நினைவுக்கு வருகிறார். பர்கண்டி அவையின் நெடுங்கோடரி வீரர்களில் அவரைப் போல் பெயர் பெற்றவர் இல்லை. 1440களின் இறுதியில் ப்ரூஜ் நகரில், கோமகன் பிலிப் முன்னிலையில், தாமஸ் கே என்ற ஆங்கிலேய வீரரோடு கோடரிப் போட்டி. இருவரும் முழுக் கவசம். ஆங்கிலேயரின் கோடரி உச்சிமுனை லலைங்கின் இடது கையில், கையுறைக்குள் பாய்ந்தது. ரத்தம் கொட்டியது, இடது கை செயலிழந்தது. அவர் விலகவில்லை. ஒற்றைக் கையோடு நெருங்கிப் போய் எதிரியைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தார். போட்டி அதோடு முடிந்தது.

அந்த நிகழ்ச்சி முழுவதையும் தேடிப் பாருங்கள். தகட்டை எவரும் எங்கும் பிளக்கவில்லை. காயம் பட்டது கையுறைப் பக்கம். வெற்றி வந்தது மல்லுக்கட்டில்.

பின்னாளில் அவர் இறந்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1453இல் பூக் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு. முப்பது வயது சொச்சம்.

வடகரை வாசகன்

இதையெல்லாம் படிக்கப் படிக்க என் பீப்பாய் எனக்கே சிறியதாகத் தெரிகிறது. என் நம்பிக்கையை மாற்றிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். இத்தாலிய ஆசான் ஃபியோரே தன் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்க நூலில் கோடரியைக் கொடியது, கனமானது, உயிர் பறிப்பது என்று புகழ்கிறாரே?

பனிநாட்டுவாசி

புகழ்கிறார். அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் அடி தவறினால் கோடரி ஏந்தியவனுக்கே ஆபத்து என்கிறார். ஓங்கிய கனம் திரும்பி வருவதற்குள் எதிரி உள்ளே நுழைந்துவிடுவான். என் தோள் கற்ற பாடம்.

அதே நூலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. உள்ளே குடைந்த கோடரித் தலை, அதில் துளைகள், துளைகளுக்குள் அரிக்கும் தூள். அடித்தால் தூள் எதிரியின் கண் கீற்றுக்குள் சிதறும். வஞ்சகம்தான், ஃபியோரேயும் அதை நல்ல வழி என்று சொல்லவில்லை. அந்தத் தூளின் முதல் சரக்கு கள்ளி இனத்துச் செடியின் பாலை உலர்த்தியது.

உலைக்களம்

கள்ளிப்பாலா? வேலி வெட்டும்போது கண்ணில் ஒரு துளி தெறித்து என் சித்தப்பா மூன்று நாள் இருட்டறையில் கிடந்தார். அந்த ஆசான் அறிந்துதான் எழுதியிருக்கிறார்.

கல்லணை

கவசக்காரர்கள் இதற்கெல்லாம் மறுமொழி செய்யாமலா இருந்தார்கள்?

உலைக்களம்

செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த மறுமொழி 1500க்குப் பிறகு ஜெர்மன் பட்டறைகளில் வந்தது. மார்பிலும் தொடையிலும் வரிவரியாக மடிப்பு வைத்த கவசம். நம் மாட்டுக் கொட்டகைக் கூரையில் போடும் நெளிதகரத்தைத் தட்டையான தகரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனம் ஒன்றுதான், நெளிவு இருப்பது ஆள் ஏறினாலும் தாங்கும். அந்த அறிவைக் கையால் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் எத்தனை முறை சூடேற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

ஏட்டுத்தேனீ

1513 செப்டம்பர் 9, ஃப்ளாடன் போரைப் பற்றி டர்ஹம் ஆயர் அப்போதே எழுதிய கடிதத்தில், நல்ல கவசம் எவ்வளவு தாங்கியது என்பதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. ஆங்கிலேயக் காலாள்கள் பில் என்ற கழியாயுதத்தை ஏந்தினார்கள். உழவரின் வேலி வெட்டும் கத்தியிலிருந்து பிறந்தது, ஹால்பர்ட்டின் நெருங்கிய உறவு. எதிரே ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் நல்ல கவசத்தில். அம்புகள் அவர்களை ஒன்றும் செய்யவில்லை, நான்கைந்து பில்கள் ஒருவன்மேல் ஒரே நேரத்தில் விழுந்தும் அவன் விழவில்லை என்று எழுதுகிறார். கடைசியில் விழுந்தார்கள், ஜேம்ஸ் மன்னரும் மாண்டார். ஓர் அடியில் அல்ல, பலர் சூழ்ந்து அடித்து.

வடகரை வாசகன்

உலைக்களம் ஐயா, கடைசியாக ஒன்று. ப்ரூஸின் கோடரிக் காம்பு ஒடிந்தது என்கிறார்களே, எந்த இடத்தில் ஒடிந்திருக்கும்?

உலைக்களம்

தலைக்குக் கீழே, நான்கு விரல் இடத்துக்குள். காம்பு வேறெங்கும் ஒடிவது அரிது. தலை ஒரு பொருளில் சிக்கி நின்றுவிடும், கை இன்னும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் அந்தக் கழுத்து மாட்டிக்கொள்ளும். எங்கள் பட்டறைக்கு வரும் ஒடிந்த காம்புகள் எல்லாம் அங்கேதான் ஒடிந்திருக்கும். குதிரை வேகத்தில் வந்தவரின் மண்டையில் இறங்கிய கோடரி என்றால் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட பிறகு நெடுங்கோடரிப் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தலையிலிருந்து காம்பின் பக்கவாட்டில் நீளமான இரும்புப் பட்டைகள் இறங்குகின்றன. ஒரு முழத்துக்குக் குறையாது, காம்போடு சேர்த்துத் தறைந்திருக்கிறார்கள். எதிரியின் வாள் காம்பை வெட்டாமல் இருக்கவும், இந்தக் கழுத்து ஒடியாமல் இருக்கவும். ப்ரூஸின் காலத்துக்கும் இதற்கும் நடுவே நூறு ஆண்டு. அந்த நூறு ஆண்டில் எத்தனை கொல்லர்களிடம் எத்தனை ஒடிந்த காம்புகள் வந்திருக்கும்! நாளைக்குப் பட்டறையில் ஒரு பட்டை அடித்து, என் கோடரிக்கே வைத்துப் பார்க்கப் போகிறேன். படம் போடுகிறேன்.